பருத்தி நூலால் தைத்த இலைப்பைகள்

ஊழியர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். ஆய்வகத்திலும் களத்திலும் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தைச் சொல்ல வேண்டுமாம். இந்த மாதிரிப் பக்கங்களில் மற்றவர்கள் தாங்கள் வாங்கிய பாராட்டுக் கடிதங்களைப் பற்றி எழுதுவார்கள். எனக்கு வந்தது இரண்டு. இரண்டையும் எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. ஆகவே நான் கெடுத்த ஒரு வேலையைப் பற்றி எழுதுகிறேன். உங்களுக்கு அதுதான் உதவும்.

பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறையில் முப்பத்தொரு வருடம் ஆய்வக உதவியாளராக இருந்தேன். பட்டம் கிடையாது. குடுவை கழுவுவதில் ஆரம்பித்தேன். பிறகு எடை போட்டேன், மண் சலித்தேன், துறை ஜீப்பை ஓட்டினேன். இரண்டு வருடங்களுக்கு முன் ஓய்வு கொடுத்தார்கள். இப்போது பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறேன். காலையில் மோனோரயில் சன்னலுக்கு வெளியே போகும்போது சில நாள் எனக்கு அது காதில் விழுவதே இல்லை. கண் விழித்தபடியே மலையில் இருப்பேன். கால் கணுக்கால் வரை இலையில் புதைந்திருக்கும். ஒரு சத்தமும் இருக்காது.

அந்த மலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். காராக் நெடுஞ்சாலையில் ஏறி, ஒரு பக்கச் சாலையில் திரும்பி, ஜீப்பை நிறுத்திவிட்டு ஒன்றரை மணி நேரம் நடந்தால் ஓக் மரங்கள் வரும். மலேசியாவில் ஏது ஓக் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். மலாய்க்காரர்கள் மெம்பெனிங் என்பார்கள். வெளிநாட்டுப் படங்களில் இருப்பதுபோல இலையின் ஓரம் வெட்டி வெட்டி இருக்காது. நீளமாக, தடிப்பாக, செருப்புத் தோல்போல் இருக்கும். தொப்பி போட்ட கொட்டைகள் தரையில் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் நான் நம்பினேன்.

நம் நாட்டில் இலையுதிர்காலம் இல்லை. அதனால் மரம் மொத்தமாக எதையும் கொட்டாது. வருடம் முழுக்க ஒன்று, இன்னொன்று, கொஞ்சம் கழித்து மற்றொன்று. மூடுபனி வந்து காட்டுக்குள் நுழைந்துவிட்டால் மரங்களும் தெரியாது. எங்கோ மேலே இருந்து ஓர் இலை புறப்பட்டு, கிளையில் தட்டி, பாசியில் தட்டி, பக்கத்தில் வந்து விழும் சத்தம் மட்டும் கேட்கும். அடுத்த இலை எப்போது விழும் என்று காத்திருந்தே அரை மணி நேரம் போன நாள்கள் உண்டு. அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம் வாங்கினேன். எனக்கு வெட்கமில்லை.

தரையில் கையை விட்டுப் பாருங்கள். மேலே இருப்பது நேற்று விழுந்த இலை. இன்னும் பளபளப்பு போகவில்லை. அதற்குக் கீழே மழை சாயத்தை இறக்கிவிட்ட இலை, தேநீர் வடிகட்டிய பிறகு மிஞ்சும் சக்கையின் நிறத்தில். அதற்கும் கீழே இரண்டு இலைகளை வெள்ளை நூல்கள் ஒட்ட வைத்திருக்கும். பூஞ்சை. பிரித்தால் மெல்ல விட்டுக்கொடுக்கும். இன்னும் கீழே போனால் இலையின் சதை போய் நரம்பு மட்டும் நிற்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எதிரில் நிற்கும் ஆள் அதற்குள் தெரிவார். அதற்கும் கீழே இலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. கறுப்பாக, ஈரமாக, நல்ல வாசனையோடு ஏதோ ஒன்று. விரல் அங்கே போய்ச் சேரும்போது, எந்த இடத்தில் இலை முடிந்து மண் ஆரம்பித்தது என்று உங்களால் சொல்ல முடியாது. என்னாலும் முடிந்ததில்லை.

அதைத்தான் அளக்கப் போனோம். ஒரு வருடத்தில் எவ்வளவு இலை எவ்வளவு கரைகிறது என்று.

வழி எளியது. இலையைக் காயவைத்து எடை போட்டு, சின்ன வலைப்பையில் போட்டுத் தைத்து, எண் அடித்த தகடு ஒன்றைக் கட்டி, காட்டுத் தரையில் வைத்துவிட வேண்டும். சில மாதம் கழித்துப் போய்ச் சில பைகளை எடுத்து, மறுபடி காயவைத்து எடை போட வேண்டும். குறைந்தது எவ்வளவோ அவ்வளவு காடு தின்றது. அவ்வளவுதான். மீதியைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளுங்கள்.

ஆய்வு சுகந்தியுடையது. ஜெஞ்சாரோமில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தவள். முப்பத்தைந்து வயதில் முனைவர் பட்டத்துக்கு வந்தாள். மூன்று வருடம் கல்வி விடுப்பு கொடுத்திருந்தார்கள். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது, இரண்டாவது தடவையும் கிடையாது. அந்த விடுப்புக்கு அவள் ஆறு வருடம் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். நடக்கும்போதெல்லாம் விரலை மடக்கி மாதத்தை எண்ணுவாள். எனக்கு எரிச்சலாக வரும். “எண்ணாதே, நட” என்பேன்.

இருநூறு பைகள். மலைச் சரிவில் கீழே ஓர் இடம், மேலே முகட்டில் பாசி மூடிய இடம் ஒன்று. இடத்துக்கு நூறு. கீழே சீக்கிரம் கரைகிறதா, மேலே மெதுவாகக் கரைகிறதா, ஏன் என்பதுதான் அவளுடைய கேள்வி. நைலான் வலையை நான்தான் வாங்கினேன். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்குக் கீழே கடை வைத்திருக்கும் சாகுல் பாயிடம் தைக்கக் கொடுத்ததும் நான்தான். புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பவர். மூன்று பக்கம் தைத்து, நான்காவது பக்கத்தைத் தைக்க மீதி நூல்கண்டையும் கொடுத்தனுப்பினார். இலையைப் போட்டு அந்தப் பக்கத்தை சுகந்தியும் நானும் ஆய்வகத்தில் உட்கார்ந்து கையால் தைத்தோம்.

முதல் மாதம் இடத்துக்கு இருபது பைகள் எடுத்தோம். எல்லாம் சரி. மூன்றாம் மாதம் இன்னும் இருபது. அப்போது தையல் சாம்பல் பூத்திருந்தது. பார்த்தேன். காட்டில் எல்லாமே நிறம் மாறும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பையைப் பெட்டியில் போட்டேன். கண்ணில் பட்ட ஒன்றை வாயால் சொல்லாமல் விட்டது என் முதல் தவறு. நீங்கள் எதைப் பார்த்தாலும் சத்தமாகச் சொல்லுங்கள். முட்டாள் என்பார்கள். என்னையும் சொல்லியிருப்பார்கள். அது அங்கேயே முடிந்திருக்கும்.

ஆறாம் மாதம் போனபோது காலை பத்து மணி. பனி விலகவில்லை. சுகந்தி குனிந்து ஒரு பையை எடுத்தாள். மேல் வலை மட்டும் கையோடு வந்தது. கீழ் வலையும் இலையும் தரையில் கிடந்தன. அடுத்ததை எடுத்தாள். பக்கவாட்டில் பிளந்து இலை சரிந்தது. மூன்றாவதை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“அக்கா. நூலைக் காணோம்.”

நான் மண்டியிட்டுப் பார்த்தேன். தையல் போன ஓட்டைகள் வரிசையாக இருந்தன. நூல் இருந்த இடத்தில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தது. தையல்காரர் போட்ட வரிசை பிசகாமல், ஓட்டைக்கு ஓட்டை ஏறி இறங்கிப் போயிருந்தது. பார்க்க எவ்வளவு அழகாக இருந்தது என்று இப்போது சொல்ல முடிகிறது. அப்போது நகத்தால் சுரண்டி நூலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இரண்டு இடத்திலும் சேர்த்து நூற்றிருபது பைகள் மிச்சம். அவளிடம் இருந்தது பதினான்கு மாதம். திரும்ப முதலில் இருந்து வைத்தால் ஒரு வருடம் தரையில் கிடக்க வேண்டும். எடை போட்டு எழுதி முடிக்க நேரம் இருக்காது. அவள் விரலை மடக்கவில்லை. கணக்கு அவளுக்கு மனப்பாடம்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் முதலில் ஆள் தேடுவேன். பக்கத்தில் ஒரு பாறை மேல் ஏறினால் தொலைபேசி எடுக்கும். ஏறினேன். சுகந்தியும் பின்னாலேயே வந்தாள். “அந்த பாய் பண்ணின வேலை. வெச்சுக்கிறேன் பாரு” என்று சொல்லிக்கொண்டே அழைத்தேன். கை முழுக்கச் சேறு. போனைப் பாறையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டேன்.

“பாய், என்ன நூல் போட்டுத் தச்சீங்க? எல்லாம் பிரிஞ்சு நாறிக் கெடக்கு இங்க!”

“யாரு, லேப் அக்காவா? பருத்திமா. நீங்க கேட்டதுதான்.”

“நான் எப்ப கேட்டேன்?”

“நல்லா இருக்கே கதை. நைலான் போடவான்னு நான் கேக்கல? காட்டுக்குப் போற சாமான் பாய், பிளாஸ்டிக் நூலப் போட்டு மண்ணைக் கெடுக்கவான்னு கடையில நின்னு லெக்சர் குடுத்தீங்க லா. ஃபால்ஸ் அடிக்க வந்த ரெண்டு பொம்பளைங்க கை தட்டாத குறை. எங்கிட்ட பருத்தி ஸ்டாக் இல்ல. மஸ்ஜித் இந்தியா வரைக்கும் போய் வாங்கி வந்தேன், உங்களுக்காக.”

நான் கையில் இருந்த சேற்றைப் பாறையில் தேய்த்தேன்.

“அலோ? லைன் இருக்கா? என்னம்மா, நூல் நல்லா இல்லையா?”

“நல்லாத்தான் இருக்கு பாய்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எனக்கு நினைவு வந்துவிட்டது. ஒவ்வொரு சொல்லும். அந்த மாதம் துறையில் பிளாஸ்டிக்கைக் குறைப்போம் என்று சுவரெல்லாம் காகிதம் ஒட்டியிருந்தார்கள். வலையை நைலானில் வாங்கி வந்துவிட்டு நூலுக்கு மட்டும் உபதேசம் செய்திருக்கிறேன். பருத்தி என்பது என்ன? அதுவும் செடிதான். இலையில் இருக்கும் அதே நார்ப்பொருள், துவர்ப்பு இல்லாமல். ஓக் இலையில் துவர்ப்பு இருக்கிறது. பூஞ்சை அதை யோசித்து யோசித்துத்தான் தின்னும். பருத்தி நூலை நாங்கள் தட்டில் வைத்து நீட்டியிருக்கிறோம். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. இருபத்து மூன்று வருடம் அந்த ஆய்வகத்தில் இருந்த பிறகு அதைச் செய்தேன்.

சுகந்தி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், சுலபமாகப் போயிருக்கும். அவள் கீழே இறங்கிப் போய் ஒரு மரத்தில் சாய்ந்து நின்றாள். பனி அவளை இடுப்பு வரை மூடியது. பிறகு முகத்தையும் மூடியது. அவள் இருக்கிறாளா போய்விட்டாளா என்று தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் எனக்கு யோசனை வந்தது.

“சுகந்தி, இலை எங்கயும் ஓடிப் போகல. பக்கத்துலயேதான் கெடக்கு. அள்ளி உள்ள போட்டு மறுபடி தச்சிருவோம். நீ, நான். யாருக்குத் தெரியப் போவுது?”

இதைப் படிக்கும் நீங்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். குற்றம் நம்முடையது என்று தெரிந்த அடுத்த பத்து நிமிடத்தில் நமக்கு வரும் யோசனை எதையும் நம்பாதீர்கள். அப்போது மூளை வேலையைப் பார்க்காது. நம்மைக் காப்பாற்றப் பார்க்கும். அது எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசும் என்று உங்களுக்குத் தெரியாது. சுகந்திக்காகத்தான் சொல்கிறேன் என்று நான் மனப்பூர்வமாக நம்பினேன்.

அவள் பனிக்குள்ளிருந்து வெளியே வந்தாள். பிளந்த பை ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒப்புக்கொண்டுவிட்டாள் என்றே நினைத்தேன். தரையில் கிடந்த இலை ஒன்றை எடுத்தாள். உள்ளே போடப் போனவள் நின்றாள். திருப்பிப் பார்த்தாள். அதைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள்.

“அக்கா, இது நம்ம இலையா, மரம் போட்ட இலையா?”

வாங்கிப் பார்த்தேன். அதே மரம், அதே தடிப்பு, அதே பழுப்பு. ஆறு மாதமாக மேலே இருந்து விழுந்த இலையும் நாங்கள் எடை போட்டுக் கொண்டுவந்த இலையும் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, ஒரே பூஞ்சை இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்தது.

“தெரியலடி” என்றேன்.

“எனக்கும் தெரியல. அப்ப எப்படி உள்ள போடறது?”

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். அவளுக்குப் பதில் வேண்டியிருந்தது. கையில் இருந்த இலையைத் தரையில் வைத்துவிட்டேன்.

அன்று அதற்கு மேல் ஒன்றையும் தொடாமல் இறங்கினோம். இறங்கும் வழியில் ஒரு முடிவுக்கு வந்தோம். பல பைகளில் நூல் நைந்திருந்தாலும் இன்னும் வாய் திறக்கவில்லை. அவற்றை இருந்த இடத்திலேயே, தூக்காமல், அசைக்காமல், நைலானால் தைத்துவிடலாம். திறந்த பைகள் போனது போனதுதான். ஆனால் திறந்தது என்றால் எவ்வளவு திறந்தது? சண்டை அங்கே வந்தது.

“கட்டை விரல் நுழைஞ்சா தள்ளிருவோம். அதுக்குக் கீழன்னா வெச்சுக்குவோம்” என்றேன்.

“கட்டை விரல் நுழைஞ்சா பாதி இலை வெளிய போயிரும்கா. பென்சில்.”

“பென்சிலா? பென்சிலு எதுலதான் நுழையாது? ஒண்ணும் மிஞ்சாது உனக்கு.”

“பென்சில்தான். இப்பவே எழுதிருவோம். மேல போய்ப் பையைப் பாத்தா மனசு மாறிரும்.”

ஜீப்பில் உட்கார்ந்து குறிப்பேட்டில் எழுதினாள். தையலில் பென்சில் நுழைந்தால் அந்தப் பை கணக்கில் இல்லை. தேதி போட்டாள். என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னாள். “என்னை நம்பலயா நீ?” என்று கேட்டேன். “என்னையே நம்பலக்கா” என்றாள். எனக்கு அப்போது அது பிடிக்கவில்லை. இப்போது சொல்கிறேன்: அளவை முதலில் எழுதுங்கள், பொருளைப் பிறகு பாருங்கள். நான் பார்த்த பெரிய படிப்புக்காரர்கள் பாதிப் பேர் இதைத் தலைகீழாகச் செய்தார்கள்.

அன்று மாலையே கிள்ளானுக்குப் போனேன். மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் இருந்ததிலேயே மெல்லிய தூண்டில் நரம்பு வாங்கினேன். எந்த மீனுக்கு என்று கடைக்காரர் கேட்டார். “இலைக்கு” என்றேன். அவர் மேலே கேட்கவில்லை.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அந்த ஈரத்தில் குப்புறப் படுத்துத் தைத்தோம். பையைத் தூக்கக் கூடாது. ஆகவே கன்னம் தரையில் படுகிற மாதிரி படுத்து, ஊசியைச் சாய்வாக விட்டு, நரம்பை மெல்ல இழுக்க வேண்டும். அவள் ஒரு வரிசை, நான் ஒரு வரிசை. முதலில் பென்சில். நுழையவில்லை என்றால் ஊசி. நுழைந்தால் அடிக்கோலை வைத்து எவ்வளவு பிரிந்திருக்கிறது என்று அளந்து எழுதிவிட்டு, சிவப்பு நாடா ஒன்றைக் கட்டிவிட்டு நகர வேண்டும்.

அந்த இரண்டு நாள்களையும் நான் மறக்கவில்லை. முகத்தைத் தரையில் வைத்துப் படுத்தால் காடு வேறு மாதிரி இருக்கிறது. மரம் என்பது எங்கோ தூரத்துச் சேதி. கண்ணுக்கு எதிரே இலையும் இலைக்கு அடியில் இருட்டும்தான். அந்த இருட்டில் ஊசி முனை அளவுப் பூச்சிகள் துள்ளிக்கொண்டிருக்கும். ஒரு மரவட்டை தன் எல்லாக் கால்களையும் நிதானமாக எடுத்து வைத்து என் கட்டை விரல்மேல் ஏறி மறுபக்கம் இறங்கிப் போனது. மழை வந்தது. எழுந்திருக்கவில்லை. இலையின் மேல் விழும் துளி இலைக்குள் போகும் சத்தம் கேட்டது. ஒரு கட்டத்தில் நான் தைக்கிறேனா, தூங்குகிறேனா என்று தெரியவில்லை. இப்படியே படுத்திருந்தால் எனக்கும் ஒரு வெள்ளை நூல் வந்து ஒட்டும் என்று தோன்றியது. பயமாக இல்லை. பக்கத்து வரிசையில் சுகந்தி சன்னமாக எண் சொல்லிக்கொண்டு போனாள். “எழுபத்தாறு, நுழையுது. எழுபத்தேழு, நுழையுது. எழுபத்தெட்டு…” என்று நிறுத்தி, கொஞ்ச நேரம் கழித்து, “நுழையுது” என்றாள்.

கீழ்ச் சரிவில் அறுபது பைகளில் பத்தொன்பது மிஞ்சின. மேலே நாற்பத்தாறு. கட்டை விரல் கணக்கு என்றால் கீழே இன்னும் பதினைந்தாவது தப்பியிருக்கும். இதை அவளிடம் நான் சொல்லவில்லை. அவளும் எண்ணிப் பார்த்திருப்பாள்.

கோலாலம்பூர் திரும்பியதும் அவளுடைய மேற்பார்வையாளரிடம் போனோம். பெயர் வேண்டாம். அதிகம் பேசாத மனிதர். நூல் தேர்ந்தெடுத்தது நான், மூன்றாம் மாதமே பார்த்துவிட்டுச் சொல்லாதது நான், இலையை அள்ளிப் போடலாம் என்று சொன்னதும் நான் என்று வரிசையாகச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“தைக்கும்போது பை எவ்வளவு அசைஞ்சது?” என்று மட்டும் கேட்டார்.

அவர் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை, தண்டனையும் தரவில்லை. வேலையைப் பற்றிக் கேட்டார். நாளைக்கு உங்களிடம் ஒருவர் தவறை ஒப்புக்கொண்டு வந்து நின்றால், அவருடைய அழுகையில் நேரத்தைப் போக்காமல் இப்படி ஒரு கேள்வி கேளுங்கள். அவரால் மூச்சு விட முடியும்.

சாகுல் பாய் கடைக்கும் போனேன். “போன்ல கத்தினதுக்கு மன்னிச்சிருங்க பாய்” என்றேன். அவர் இயந்திரத்தை நிறுத்தாமல், “மன்னிப்பெல்லாம் எதுக்குமா. அடுத்த தடவ லெக்சர் குடுக்காம துணிய மட்டும் குடுங்க” என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை.

மிஞ்சிய பைகளில் ஒரு பங்கை ஆறாம் மாதக் கணக்குக்கு எடுத்தோம். மற்றவை ஒன்பதாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் ஒழுங்காக வந்து சேர்ந்தன. சுகந்தி விடுப்பு முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஆய்வேட்டைக் கொடுத்தாள். ஒவ்வொரு பையும் ஏன் இருக்கிறது, ஏன் இல்லை என்று எழுதியிருந்தாள். நூல் எங்கே எவ்வளவு பிரிந்தது என்று நாங்கள் அளந்து வைத்ததையும் ஒரு சின்னப் பகுதியாகச் சேர்த்திருந்தாள். கீழே நூல் வேகமாகப் போயிருந்தது, மேலே மெதுவாக. இலையும் அப்படியே.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த தேர்வாளர் ஓர் அம்மாள். நேரானவர். மாதிரிப் பைகளைப் பெட்டியில் கொண்டுபோய் வைத்துவிட்டு நான் அறையின் ஓரத்தில் இருந்தேன். நூலைப் பற்றிய பகுதிதான் ஆய்வேட்டிலேயே நன்றாக இருக்கிறது என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. அடுத்ததாகச் சொன்னார்: “ஆனால் கீழ்ச் சரிவில் கடைசி எடுப்புக்கு ஆறே ஆறு பை. ஆறு பையை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய முடிவு சொல்ல முடியாது. இது உனக்கும் தெரியும், இல்லையா?”

“தெரியும் டாக்டர்” என்றாள் சுகந்தி.

முனைவர் பட்டத்துக்கு இது போதாது, முதுகலைப் பட்டம் தரலாம் என்று எழுதினார்கள். அவள் அதை வாங்கிக்கொண்டு ஜெஞ்சாரோம் பள்ளிக்குத் திரும்பினாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள். தவறிலிருந்துதான் பெரிய கண்டுபிடிப்பு வரும் என்று உங்களுக்கு யாராவது மேடையில் சொல்வார்கள். எங்கள் தவறிலிருந்து ஒரு சின்னப் பகுதி வந்தது, நான்கு பக்கம். அதற்கு அவள் கொடுத்தது அவளுடைய பட்டம். நான் கொடுத்தது ஒன்றுமில்லை. என் சம்பளம் மாதம் பிறந்தால் வந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. வரட்டும்.

தேர்வு முடிந்த அடுத்த சனிக்கிழமை மலைக்குப் போனோம். சிவப்பு நாடா கட்டிய பைகள் இன்னும் அங்கேயே கிடந்தன. கணக்கில் இல்லாத பைகள்தான். ஆனால் வலை நைலான். அதைக் காடு தின்னாது. எடுத்தாக வேண்டும்.

பனி இருந்தது. ஒவ்வொரு பையாக எடுத்து, வலையை விரித்து, உள்ளே இருந்ததைத் தரையில் உதறினோம். பாதி இலை நரம்பாகி இருந்தது. சிலவற்றில் ஒன்றுமே இல்லை. வலையின் கண்களுக்குள் வேர் ஓடியிருந்தது. அதை அறுக்காமல் பிரிக்க நேரம் எடுத்தது. உதறிய இலை தரையில் விழுந்தவுடனே எது என்று தெரியாமல் போனது. கண்ணை இமைத்துவிட்டுப் பார்த்தால் அங்கே நாங்கள் எதையும் வைத்ததாகவே இல்லை.

கடைசி வரிசைக்கு வந்தபோது சுகந்தி ஒரு வலையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, அன்னிக்கு நீங்க சொன்ன மாதிரி இலையை அள்ளிப் போட்டுத் தச்சிருந்தா, யாருக்கும் தெரிஞ்சிருக்காதுல்ல?”

“தெரிஞ்சிருக்காது.”

“அந்த அம்மாவுக்குக்கூட?”

“அவங்களுக்கு எப்படித் தெரியும்? இருபது பை இருந்திருக்கும். பாத்துட்டுப் போயிருப்பாங்க.”

“நான் டாக்டர் ஆகியிருப்பேன்.”

பொய் சொல்ல எனக்கு ஆசைதான். ஏதாவது ஒரு வழியில் மாட்டியிருப்பாய் என்று சொன்னால் அவளுக்கு லேசாக இருக்கும்.

“ஆகியிருப்ப” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். மேலே எங்கோ ஓர் இலை புறப்பட்டது. அது வந்து விழும் சத்தத்துக்குக் காத்திருந்தோம். பிறகு அவள் கையில் இருந்த வலையை உதறி, மண்ணைத் தட்டி, நாலாக மடித்தாள்.

“சரி, சாக்கைப் பிடிங்க” என்றாள்.

பிடித்தேன்.